எதைத் தொட்டாலும் பிரேக்கில் வந்து நிற்கும்

“அண்ணே, பிரேக் கல்லு மாதிரி ஆயிடுச்சு. ஏறி நின்னு மிதிச்சாலும் இறங்கல.”

கேமரன் மலையில் ரிங்லெட்டைத் தாண்டித் தாப்பா பக்கம் இறங்கும் வளைவுகளில் ஏதோ ஒன்றிலிருந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இந்தப் போன் வந்தது. பேசியவன் என் பழைய வாடிக்கையாளர் ஒருவரின் மகன். அப்பா தோட்டத்தில் டிராக்டர் ஓட்டியவர். அவர் வாங்கிய 2.4 லிட்டர் டீசல் ஹைலக்ஸ் பிக்கப் இவனைவிட இரண்டு வயது மூத்தது. வழக்கமாக அதில் செம்பனைக் குலை ஏற்றுவான், அந்த ஞாயிறு மலையிலிருந்து முட்டைக்கோஸ். அன்றைக்கு மூன்றாவது கியரிலிருந்து இரண்டுக்கு இறக்கி, ஹேண்ட்பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, கடைசியில் மலையோரத்து வாய்க்காலில் சக்கரத்தை விட்டு நிறுத்தியிருக்கிறான். நல்லவேளை, எதிரே பஸ் ஒன்றும் வரவில்லை.

காடியை இழுத்துக்கொண்டு பீடோரில் என் பட்டறைக்கு வந்து சேர இரவாகிவிட்டது. “எல்லா வேலையும் வீட்டுலேயே நான்தான் செஞ்சேன் அண்ணே. ஆறு மாசமா ஒரு பிரச்னையும் இல்ல” என்றான். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், வீட்டில் வேலை செய்பவர்களுக்கு நான் எதிரி இல்லை. இருபத்தாறு வருடமாகப் பட்டறை வைத்திருக்கிறேன்; நான் ஸ்பேனர் பிடிக்கப் பழகியதும் லயத்து வீட்டு வாசலில்தான். பழைய பிக்கப்புகள் அதற்குத் தோதானவை. பானெட்டைத் திறந்தால் உள்ளே கை விட இடம் இருக்கும். கம்ப்யூட்டர் கிடையாது. 10, 12, 14, 17 ஸ்பேனர் இருந்தால் பாதி வேலை முடிந்துவிடும். எண்ணெய் மாற்றுவது, டீசல் ஃபில்டர் மாற்றுவது, ரேடியேட்டர் கழுவுவது, எதையும் வீட்டில் செய்யலாம். டீசல் ஃபில்டரை மட்டும் நம் ஊரில் அடிக்கடி பாருங்கள். நம் தோட்டத்துச் செம்பனை எண்ணெயே பயோடீசலாக மாறி டீசலில் கலந்து வருகிறது. பழைய டாங்கில் வருடக்கணக்காகப் படிந்த அழுக்கை அது கரைத்துக் கொண்டுவந்து ஃபில்டரில் அடைக்கும். பழைய ரப்பர் குழாயையும் ஊதிப் பிசுபிசுக்க வைக்கும்.

வம்பு தொடங்குவது ‘அப்கிரேட்’ செய்யும்போது. அதுவும் 2024 ஜூன் 10-ஆம் தேதி மலேசியத் தீபகற்பத்தில் டீசல் லிட்டருக்கு 2 வெள்ளி 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசுக்கு ஏறிய பிறகு, ஒரு நடையில் முடிகிற வேலைக்கு ஏன் இரண்டு நடை போகவேண்டும் என்று எல்லாரும் கணக்குப் போடுகிறார்கள். ஒரு டன் ஏற்றுவதற்கான காடியில் ஒன்றரை டன் ஏறுகிறது. ஒரு குலை 20 கிலோ என்றால் 70 குலைக்கு 1,400 கிலோ. பின்பக்கம் தரையைத் தொடப் பார்க்கும். உடனே என்ன செய்வார்கள்? ஸ்பிரிங்கில் இரண்டு பட்டை கூட்டுவார்கள். இந்தத் தம்பியும் அதைத்தான் செய்திருந்தான். வேலை சுத்தம், யு-போல்ட் எல்லாம் புதுசு. குறை சொல்ல முடியாது.

ஆனால் பின்சக்கரங்களைத் தாங்கும் எக்சலுக்கு மேலே, அடிச்சட்டமான சேசிஸில் ஒரு சின்ன வால்வு இருக்கும். அதிலிருந்து ஒரு கம்பி எக்சலுக்கு இறங்கும். பலர் அதை ஏதோ ஸ்பிரிங் தாங்கி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பாரம் ஏறி உடம்பு தாழ்ந்தால் அந்தக் கம்பி வால்வைத் தள்ளும். பின் பிரேக்குக்கு அழுத்தம் கூடுதலாகப் போகும். காலியாக இருந்தால் குறைத்துவிடும், மழையில் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வால் சுற்றாமல் இருப்பதற்காக. பட்டை கூட்டினால் என்ன ஆகும்? ஒன்றரை டன் ஏற்றினாலும் உடம்பு தாழாது. ‘காடி காலி’ என்று வால்வு நினைத்துக்கொள்ளும். மொத்தப் பாரத்தையும் முன் பிரேக் இரண்டுமே சுமக்கும்.

மறுநாள் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தோம். முன் பேட் இரும்புவரைக்கும் தேய்ந்து டிஸ்க் நீலம் பாய்ந்திருந்தது. பின் பிரேக் ஷூ போட்ட நாளில் இருந்த மாதிரியே இருந்தது. தம்பிக்கு அப்போதுதான் முகம் மாறியது.

வால்வை அப்படியே கழற்றிவிட்டு நேராகக் குழாய் போடுகிற ஆட்களும் உண்டு. அது இதைவிட மோசம். காலிக் காடியில் மழைநாளில் ஒரு தடவை அழுத்திப் பார்த்தால் புரியும். பட்டை கூட்டியே ஆகவேண்டும் என்றால், கம்பியின் நீளத்தை அந்த மாடலின் சர்வீஸ் புத்தகப்படி திருத்தி, கேஜ் போட்டு அழுத்தம் பார்க்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள். அப்போதும் பிரேக் ஒரு டன்னுக்குச் செய்ததுதான், பட்டை கூடியதால் அது வளர்ந்துவிடாது.

சரி, இதனால் முன் பிரேக் சூடாகும், பிடிப்பு குறையும். பெடல் ஏன் கல்லானது?

“ஆல்டர்னேட்டர் மாத்தினியா?” என்று கேட்டேன். பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் சாமான் அது. ஆடிப்போய்விட்டான். “அதுக்கும் பிரேக்குக்கும் என்ன அண்ணே சம்பந்தம்?”

பெட்ரோல் காடியில், மிதிக்கும் காலுக்குப் பலம் சேர்க்கும் பிரேக் பூஸ்டருக்கு வேண்டிய வெற்றிடத்தை இன்ஜின் தானே இழுத்துக் கொடுக்கும். பழைய டீசல் இன்ஜினில் காற்றை அடைக்கும் கதவு கிடையாது, அதனால் அந்த இழுப்பும் கிடையாது. அதற்குத் தனியாக ஒரு வேக்கம் பம்ப் வேண்டும். நம் பழைய ஹைலக்ஸ், இசுசு, மிட்சுபிஷி டீசல்களில் பெரும்பாலும் அந்தப் பம்ப் ஆல்டர்னேட்டரின் முதுகில் உட்கார்ந்திருக்கும், இன்ஜின் எண்ணெயைக் குடித்துக்கொண்டு. இவன் பழைய காடிகளை வெட்டிப் பாகம் விற்கும் ஹாஃப்-கட் கடையில் ஒரு பழைய ஆல்டர்னேட்டர் வாங்கி மாட்டியிருந்தான். மீட்டர் வைத்துப் பார்த்திருக்கிறான், 14 வோல்ட் வந்திருக்கிறது. கடைக்காரன் சொன்னதும் பொய்யில்லை, சார்ஜ் பிரமாதம். பின்னால் இருந்த பம்பில் உள்ளே சுற்றும் தகடுகள் தேய்ந்து போயிருந்ததை யாரும் பார்க்கவில்லை. பீடோர் டவுனில் எப்போதாவது ஒரு தடவை மிதிப்பதற்கு அந்தப் பம்ப் போதும். மலை இறக்கத்தில் வளைவுக்கு வளைவு மிதிக்கும்போது, பூஸ்டரில் இருப்பது தீர்ந்துபோகும், பம்ப் ஈடுகொடுக்காது. ஆறு மாதம் ஒன்றும் ஆகவில்லை என்றானே, காரணம் அதுதான். ஆறு மாதத்தில் அன்றுதான் முதல் முறையாக முழுப் பாரத்தோடு மலையிலிருந்து இறங்கினான்.

பெடலே உங்களுக்குச் சேதி சொல்லும். கல் மாதிரி நின்றால் பெரும்பாலும் வெற்றிடம் இல்லை. ஸ்பாஞ்ச் மாதிரி அமுங்கித் தரைக்குப் போனால் குழாயில் காற்று இருக்கிறது, அல்லது பிரேக் எண்ணெய் கொதித்துவிட்டது. பெடல் வழக்கம்போல இருந்தும் காடி நிற்கவில்லை என்றால் பேட் தீய்ந்துவிட்டது. எண்ணெய் எப்படிக் கொதிக்கும் என்று கேட்பார்கள். டாட் 3 எண்ணெய் புதிதாக இருக்கையில் குறைந்தது 205 டிகிரி வரை தாங்கும். அது காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சும் சரக்கு. ஈரம் ஏறினால் தாங்குவது 140 டிகிரி அளவுக்கு வந்துவிடும். நம் ஊர்க் காற்றைப் பற்றி நான் சொல்லவேண்டுமா? இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். அலமாரியில் திறந்து வைத்த பாட்டிலில் மிச்சம் இருப்பதை ஊற்றாதீர்கள்.

டயரும் அவன் மாற்றியிருந்தான், பார்வைக்கு. 205 ஆர் 16 இருந்த இடத்தில் 265/75 ஆர் 16. விட்டம் எட்டு, ஒன்பது சதவீதம் கூடுகிறது. மீட்டர் 90 காட்டும்போது காடி 97, 98-ல் ஓடும். பெரிய சக்கரத்தை நிறுத்த அதே பழைய பிரேக் கூடுதலாக உழைக்கவேண்டும். பார்த்தீர்களா, அழகுக்கு மாட்டியதும் இங்கேதான் வந்து நிற்கிறது. சிலர் எதிர்ப்பக்கம் போய் மலிவுக்குக் கார் டயர் போடுகிறார்கள். பக்கவாட்டில் இருக்கும் எண்ணைப் பாருங்கள்: 91 என்றால் ஒரு டயர் 615 கிலோ தாங்கும், 106 என்றால் 950 கிலோ. நான்கு இலக்கத் தேதியையும் பாருங்கள். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டு 23-ஆவது வாரத்தில் செய்தது.

இவ்வளவையும் எப்படி வைத்துச் செய்தான் என்று கேட்டேன். போனில் படம் காட்டினான். வீட்டு வாசலில், செம்மண் தரையில், ஒரு பாட்டில் ஜேக், பக்கத்தில் ஓட்டை வைத்த சிமெண்ட் கல். கீழே அவன் கால் மட்டும் தெரிகிறது. எடுத்தது தங்கச்சியாம்.

அந்தக் கல் விரிசல் விட்டு எச்சரிக்காது, ஒரே நொடியில் தூளாகும். என் இடது கை சுண்டுவிரல் முழுதாக மடங்காது. பத்தொன்பது வயதில் இதே மாதிரிக் கல்லை நம்பியதால். அன்று நெஞ்சு கீழே இல்லை, கை மட்டும்தான். ஒரு ஜோடி நல்ல ஜேக் ஸ்டாண்டு நூறு, நூற்றைம்பது வெள்ளிதான். ஜேக் என்பது தூக்க மட்டும், தாங்குவதற்கு ஸ்டாண்டு. மண் தரையென்றால் அடியில் கனமான பலகை. இன்னொன்று பலருக்குத் தெரியாது: இந்தக் காடிகளில் ஹேண்ட்பிரேக் பின்சக்கரத்துக்கு மட்டும். பின்பக்கத்தை முழுக்கத் தூக்கிவிட்டால் அது இழுத்தும் ஒன்றுதான், இழுக்காவிட்டாலும் ஒன்றுதான். ‘கியரில் போட்டிருக்கிறேன்’ என்பார்கள். ஒரு பின்சக்கரம் அந்தரத்தில் இருந்தாலே அது சும்மா சுற்றும், தரையில் இருக்கும் சக்கரம் உருளும். முன்சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கட்டை கொடுங்கள்.

எல்இடி பார், இன்ஜின் மாற்றம் பற்றியெல்லாம் இன்னொரு நாள். இப்போதைக்கு: 120 வாட் விளக்கு 10 ஆம்பியர் இழுக்கும், பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் போடுங்கள், ரிலே இல்லாமல் பழைய சுவிட்சில் மாட்டாதீர்கள். இன்ஜின் மாற்றினால் ஜேபிஜே என்கிற சாலைப் போக்குவரத்து இலாகாவின் அனுமதியும் வாகனப் பரிசோதனையும் வேண்டும். காப்புறுதிக்காரரிடமும் சொல்லிவிடுங்கள், விபத்துக்குப் பிறகு அவர் கண்டுபிடித்தால் கதை வேறு. பழைய ஹைலக்ஸின் 2எல் இன்ஜினில் டைமிங் பெல்ட் 1,00,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றவேண்டியது. மீட்டர் ஓடாத காடி வாங்கியவர்கள் நாளைக்கே மாற்றுங்கள்.

வேக்கம் பம்பை வீட்டிலேயே சோதிக்கலாம். இன்ஜினை அணைத்துவிட்டு, பெடல் கெட்டியாகும்வரை ஐந்தாறு முறை மிதியுங்கள். காலை எடுக்காமல் அழுத்திப் பிடித்தபடி ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் கொஞ்சம் கீழே இறங்கவேண்டும். இறங்காவிட்டால், அல்லது ரொம்ப நேரம் கழித்துச் சோம்பலாக இறங்கினால், பம்ப், குழாய், ஒருவழி வால்வு, பூஸ்டர் இந்த நான்கில் ஒன்று போயிருக்கிறது. காடியை எடுக்காதீர்கள்.

தம்பியின் ஹைலக்ஸுக்குப் புது பம்ப், முன் டிஸ்க், பேட், பழைய அளவு டயர் எல்லாம் போட்டோம். கூட்டிய பட்டைகளைக் கழற்றிவிட்டோம். இப்போது இரண்டு நடை போகிறான், டீசல் கணக்கைச் சொல்லிப் புலம்பிக்கொண்டே. அந்தப் பட்டைகள் பட்டறைக்குப் பின்னால் சாய்ந்து கிடக்கின்றன. போன வாரம் ஒரு இசுசுக்காரர் வந்து, “இத எனக்குக் கொடுங்க ஐயா, என்ன வெல?” என்று கேட்டார்.

“எத்தன குல ஏத்துறீங்க?” என்று கேட்டேன். சிரித்துக்கொண்டு வேறு பேச்சை எடுத்தார்.