ரன்: மூன்று எழுத்து, 645 பொருள்

ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் மூன்றாம் பதிப்புக்காக ‘ரன்’ (run, ஓடு) என்ற ஒரே சொல்லைத் திருத்தி எழுத, பீட்டர் கில்லிவர் என்ற அகராதியாளருக்கு ஒன்பது மாதத்துக்கு மேல் பிடித்தது. முடித்தபோது வினைச்சொல்லாக மட்டுமே அதற்கு 645 பொருள் தேறியது. 1989-இல் வந்த இரண்டாம் பதிப்பில் முதலிடம் ‘செட்’டுக்கு, அதற்கே 430 பொருள்தான். ஒரு சின்னச் சொல்லுக்குள் இத்தனை அடைபட்டது எப்படி, அடைபட்டும் கேட்பவர் குழம்பாமல் இருப்பது எப்படி? இரண்டாவது கேள்விதான் எனக்கு அதிகச் சுவையானது. ஆனால் முதல் கேள்வியைத் தாண்டித்தான் அங்கே போக வேண்டும்.

இந்தப் பொருள்கள் ஒன்றின் வாலைப் பிடித்துக்கொண்டு இன்னொன்றாக வந்தவை. பழைய ஜெர்மானிய வேரிலேயே கால் ஓடுவதும் நீர் ஓடுவதும் சேர்ந்திருந்தன. அதனால் குழாயில் தண்ணீர் வந்தாலும் ரன், சளி பிடித்து மூக்கு ஒழுகினாலும் ரன், துவைக்கும்போது சாயம் போனாலும் ரன். ஆறு நீளவாக்கில் போவதுபோல வேலியும் சாலையும் இருந்த இடத்திலேயே ‘ரன்’ ஆயின. வீட்டில் சர்க்கரை தீர்ந்தால் ‘ரன் அவுட்’. தொழிற்புரட்சி வந்த பிறகு இந்தச் சொல்லுக்கு நல்ல யோகம்: இயந்திரம் ஓடியது, ரயில் ஓடியது, ஆலையை ஓட்டியவர் நிறுவனத்தையே ஓட்டினார். கணினி வந்தபோது நிரலுக்கும் அதே சொல் தயாராக இருந்தது.

தமிழ்க் காதுக்கு இது புதிதல்ல. நம் ‘ஓடு’ம் இதே வழியில்தான் வந்திருக்கிறது: ஆறு ஓடுகிறது, பஸ் ஓடுகிறது, படம் நூறு நாள் ஓடுகிறது, பதற்றத்தில் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. ஆனால் இரண்டு மொழியும் எல்லா இடத்திலும் சேர்ந்தே ஓடுவதில்லை. காய்ச்சல் ஆங்கிலத்தில் ஓடும், நமக்கு அடிக்கும். அமெரிக்க வேட்பாளர் தேர்தலில் ‘ஓடுகிறார்’. பிரிட்டிஷ் வேட்பாளர், நம்மூர்க்காரரைப் போலவே, நிற்கிறார்.

எந்தச் சொல்லுக்கு இப்படிப் பொருள் பெருகும் என்பதில் ஓர் ஒழுங்கு உண்டு. அமெரிக்க மொழியியலாளர் ஜார்ஜ் ஸிப்ஃப் 1945-இல் கணக்கிட்டுச் சொன்னார்: ஒரு சொல்லின் பொருள்களின் எண்ணிக்கை, அது புழங்கும் அளவின் வர்க்கமூலத்தை ஒட்டி உயர்கிறது. நூறு மடங்கு அதிகம் புழங்கும் சொல்லுக்குச் சுமார் பத்து மடங்கு பொருள்.

மரபுத்தொடர்களில் இந்தச் சங்கிலி அறுந்துபோவதும் உண்டு. நாலா பக்கமும் கண்டனம் வாங்கியபடி ஒருவர் கடந்துபோவதை ‘ரன் த காண்ட்லெட்’ என்பார்கள். காண்ட்லெட் என்றால் இரும்புக் கையுறை. கையுறைக்கும் ஓட்டத்துக்கும் என்ன உறவு? ஒன்றுமில்லை. ஸ்வீடிஷ் மொழியில் ‘காட்லோப்’, அதாவது சந்து ஓட்டம், என்றொரு படைத் தண்டனை இருந்தது. இரண்டு வரிசையாக வீரர்கள் பிரம்போடு நிற்க, குற்றவாளி அடிவாங்கிக்கொண்டே நடுவில் ஓட வேண்டும். 17-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்த அந்த அயல்சொல் வாயில் நுழையாமல், தெரிந்த கையுறையாக மாறிவிட்டது.

இனி மூளைக்கு வருவோம். 1979-இல் டேவிட் ஸ்வின்னி என்ற உளமொழியியலாளர் ஒரு சோதனை செய்தார். அறையின் மூலையில் சிலந்தி, கரப்பான், இன்னும் பல ‘பக்’குகள் இருந்தன என்ற வாக்கியத்தை ஒலிக்கவிட்டார். பக் என்றால் பூச்சி, ஒட்டுக்கேட்கும் கருவியும்தான். அந்தச் சொல் காதில் விழுந்த கணத்திலேயே திரையில் ‘எறும்பு’ அல்லது ‘உளவாளி’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொல் தோன்றும். அது உண்மையான சொல்தானா என்று கேட்பவர் உடனே சொல்ல வேண்டும். சிலந்தியும் கரப்பானும் முன்னாலேயே வந்துவிட்டதால் எறும்புக்கு மட்டும்தான் பதிலின் வேகம் கூடும் என்று நினைப்போம். உளவாளிக்கும் கூடியது! மூன்று அசை தள்ளிச் சோதித்தபோதோ எறும்பு மட்டுமே மிஞ்சியது. ஆக, மூளை முதலில் எல்லாக் கதவையும் திறந்துவிடுகிறது; வேண்டாததை ஒரு விநாடிக்குள் சாத்திவிடுகிறது. நமக்குத் தெரிவது திறந்திருக்கும் ஒரே கதவுதான்.

பொருள்கள் உறவுக்காரர்களா அந்நியர்களா என்பதும் முக்கியம். ஜெனிஃபர் ராட் என்ற ஆய்வாளரின் குழுவினர் 2002-இல் இதை அளந்து பார்த்தார்கள். நாய்க் குரைப்பு, மரப்பட்டை என்று தொடர்பே இல்லாத பொருள்களைச் சுமக்கும் ‘பார்க்’ (bark) போன்ற சொல்லை அடையாளம் காணக் கூடுதல் நேரம் பிடிக்கிறது. முறுக்கு, திருப்பம் என்று ஒரே குடும்பப் பொருள்கள் நிறைந்த ‘ட்விஸ்ட்’ போன்றவை சட்டென்று பிடிபடுகின்றன. ‘ரன்’னும் இந்த இரண்டாம் வகைதான்.

கணினிக்கு இந்த வேலை எளிதில் வரவில்லை. இயந்திர மொழிபெயர்ப்பை ஆராய்ந்த யெஹோஷுவா பார்-ஹில்லல் 1960-இல் ஒரு வாக்கியத்தைக் காட்டினார்: சிறுவன் ஜான் தேடிய பொம்மைப் பெட்டி ‘பென்’னுக்குள் இருந்தது. பென் என்றால் பேனா. குழந்தையை விளையாட விடும் தடுப்புக் கூண்டும் பென்தான். பேனாவைவிடப் பெட்டி பெரிது என்ற உலக அறிவு இல்லாமல் இது புரியாது, எந்த நிரலாலும் முடியாது என்றார். சொல்லின் பொருளைக் கணினிக்கு எண்களின் வரிசையாக மாற்றித் தரும் நிரல்கள் பிறகு வந்தன. 2013-இல் வந்த வேர்ட்டுவெக் என்ற நிரல்கூட ஒரு சொல்லுக்கு ஒரே எண்வரிசைதான் கொடுத்தது. பேனாவும் கூண்டும் அதற்குள் கலந்தே கிடந்தன. 2018-இல் வந்த பெர்ட் போன்ற மொழி மாதிரிகள்தான், சொல் வரும் ஒவ்வொரு இடத்திலும் அக்கம்பக்கத்துச் சொற்களைப் பார்த்து, அதற்குப் புது எண்வரிசை போடத் தொடங்கின.