குடும்பத்தின் பலத்தையும் கேஸ் ஷீட்டில் எழுதலாமே

வார்டில் ஒருவர் சேர்ந்ததும் நாங்கள் எழுதுவதெல்லாம் குறைகள்தான். சர்க்கரை கட்டுக்குள் இல்லை, மாத்திரையை விட்டுவிடுகிறார், சொன்னால் மகள் கேட்பதில்லை. ஷிஃப்ட் மாறும்போது அடுத்த நர்ஸிடம் ஒப்படைப்பதும் (ஹேண்டோவர்) இதே பட்டியல். இந்தக் குடும்பம் எதை ஒழுங்காகச் செய்கிறது என்று எழுத ஒரு கட்டம்கூட இருக்காது.

அந்தப் பக்கத்தைப் பார்ப்பதையே வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டவர் லாரி காட்லீப். கனடாவின் மான்ட்ரியாலில், மெக்கில் பல்கலைக்கழகத்தின் செவிலியர் பள்ளியில் பேராசிரியராகப் பணியாற்றியவர். அங்கே 1970-களிலேயே மொய்ரா ஆலன் வழிபோட்டிருந்தார்: நோயோடு நலத்தையும் பார், தனி ஆளைக் குடும்பத்தோடு சேர்த்துப் பார். காட்லீப் அதை வளர்த்தெடுத்து, 2013-ல் வெளியிட்ட நூலில் எட்டு விழுமியங்கள் கொண்ட அணுகுமுறையாக்கினார்.

அவர் ஆய்வு செய்தவற்றில் ஒன்று, தம்பியோ தங்கையோ பிறக்கும்போது மூத்த குழந்தை அதற்கு எப்படிப் பழகிக்கொள்கிறது, பெற்றோரின் ஆதரவு அதில் என்ன செய்கிறது என்பது. நோயே இல்லாத வீட்டில் நர்ஸுக்கு என்ன வேலை என்று தோன்றும். ஒரு குடும்பம் எதை வைத்துச் சமாளிக்கிறது என்பதைப் பார்க்க அதைவிட நல்ல இடம் இல்லை என்பேன்.

வார்டில் இது எப்படி இருக்கும்? பக்கவாதம் வந்து, மூக்குக் குழாய் வழியாக உணவு எடுத்துக்கொண்டிருந்தார் ஒரு அம்மா. அவருடைய கணவரைப் பற்றி எங்களிடையே இருந்த பேச்சு, 'கேள்வி கேட்டே உயிரை எடுக்கிறார்' என்பதுதான். அவர் கையில் ஒரு சின்ன நோட்டு. எத்தனை மணிக்கு எவ்வளவு கொடுத்தோம், எப்போது இருமினார் என்று யாரும் சொல்லாமலே எழுதி வைத்திருந்தார். டிஸ்சார்ஜ் பயிற்சியை அந்த நோட்டிலிருந்தே தொடங்கினோம். இன்னும் சில கட்டங்கள் போட்டோம்: கொடுக்கும் முன் மூக்கின் அருகே குழாயில் உள்ள குறி நகர்ந்திருக்கிறதா, தலைப்பக்கம் 30 டிகிரிக்காவது உயர்ந்திருக்கிறதா, முடிந்ததும் குழாயில் தண்ணீர் விட்டாயிற்றா. குறி நகர்ந்திருந்தால் எதுவும் கொடுக்காமல் எங்களைக் கூப்பிட வேண்டும். இரண்டாம் முறையே பிடித்துக்கொண்டார்.

இதைப் பாராட்டு என்று நினைத்துவிடக் கூடாது. 'நல்லா பாத்துக்கிறீங்க' என்பது யாருக்கும் எதுவும் சொல்வதில்லை. 'ஒரு வேளைகூட விடாமல் எழுதியிருக்கிறீர்கள், இருமிய நேரம் எங்களுக்கே உதவியது' என்றால் அது கண்ணால் பார்த்தது, அடுத்த முடிவுக்குப் பயன்படுவது. நர்ஸ்கள் ஒரு குடும்பத்தை எப்படிப் புரிந்துகொண்டு உதவுவது என்று சொல்லும் கால்கரி குடும்ப மாதிரியை உருவாக்கிய லொரெய்ன் ரைட்டும் மொரீன் லீஹியும் இதே காரணத்துக்காகத்தான் குடும்பத்தின் நல்ல அம்சங்களைக் குறிப்பாக எடுத்துச் சொல்வதை உரையாடலின் ஒரு பகுதியாக வைத்தார்கள். அந்த உரையாடலுக்கு 15 நிமிடம் போதும் என்றும் சொன்னார்கள். நேரமில்லை என்ற நம் சாக்கு அங்கேயே அடிபட்டுப்போகிறது.

ஒரு ஆபத்தும் இருக்கிறது. 'குடும்பம் பலமானது' என்று எழுதிவிட்டு, ஆள் பற்றாக்குறைக்கு அந்தக் குடும்பத்தையே வேலைக்கு வைப்பது. நோட்டு வைத்திருந்த அந்தக் கணவர் இரவில் சரியாகத் தூங்கவில்லை, மாற்றிவிட ஆளில்லை. அதுவும் அதே கேஸ் ஷீட்டில் ஏற வேண்டும். வீட்டுக்கு யார் வந்து உதவுவார்கள் என்பது டிஸ்சார்ஜுக்கு முன்பே முடிவாக வேண்டும்.

என் மாணவர்களிடம் இப்போது ஹேண்டோவரில் கூடுதலாக ஒரு வரி கேட்கிறேன்: இந்த வீட்டில் யார், எதை, நன்றாகச் செய்கிறார்? பதில் தெரியாவிட்டால் திரும்பப் போய்க் கேட்டுவிட்டு வரச் சொல்கிறேன்.