சங்க நிர்வாகக் குழு: பதவிக்காலத்தைப் பிரித்து வைப்பதும் அதில் வரும் சிக்கல்களும்

அமெரிக்காவில் வீட்டு உரிமையாளர் சங்கங்கள் பலவற்றில் நிர்வாகக் குழு முழுவதற்கும் ஒரே ஆண்டில் தேர்தல் நடப்பதில்லை. ஆண்டுதோறும் சில இடங்கள் மட்டும் காலியாகும். இதை ‘ஸ்டாகர்ட் டெர்ம்’ என்பார்கள். 5 பேர் குழுவில் பதவிக்காலம் 2 ஆண்டு என்றால், ஓராண்டு 3 இடம், மறு ஆண்டு 2 இடம். 3 ஆண்டு என்றால் 2, 2, 1. கூரை ஒப்பந்தம், காப்பீடு, சேமநிதிக் கணக்கு எல்லாம் தெரிந்தவர்கள் ஒரே நாளில் மொத்தமாக வெளியேறிவிடக் கூடாது என்பதுதான் காரணம்.

இது பைலாவில், அதாவது சங்கத்தின் உள்விதிகளில், இருக்க வேண்டும். வழக்கமாக இப்படித்தான் என்று சொன்னால் செல்லாது. மாநிலச் சட்டத்தையும் பார்க்க வேண்டும். கலிபோர்னியாவில் எந்த இடத்துக்கும் குறைந்தது 4 ஆண்டுக்கு ஒருமுறை தேர்தல் வைத்தாக வேண்டும். புளோரிடாவின் காண்டோமினியம் (தனித்தனி உரிமையுள்ள அடுக்குமாடி வீடு) சட்டப்படி, பைலாவோ சங்கத்தின் பதிவு ஆவணமோ இடம் தந்தால்தான் ஓராண்டுக்கு மேல் பதவிக்காலம் வைக்கலாம். ஒருவர் தொடர்ந்து 8 ஆண்டுக்கு மேல் இருக்க, பதிவான வாக்கில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும், அல்லது போட்டியிடப் போதிய ஆள் இல்லாதிருக்க வேண்டும்.

முதல் தேர்தலில் 5 இடமும் ஒன்றாகத்தான் வரும். அதிக வாக்கு பெற்ற 3 பேருக்கு 2 ஆண்டு, அடுத்த 2 பேருக்கு 1 ஆண்டு என்று பிரிப்பது வழக்கம். வாக்கு சமமானால் சீட்டுக் குலுக்கல். போட்டியே இல்லாமல் எல்லோரும் தேர்வானால் என்ன செய்வது என்பதைப் பல பைலாக்கள் சொல்வதே இல்லை. திருத்தும்போது அங்கேயும் குலுக்கல் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

கணக்கு தவறுவது பெரும்பாலும் இடையில் ஒருவர் விலகும்போதுதான். அவர் இடத்துக்கு வருபவருக்குப் புதிதாக 2 ஆண்டு கிடையாது. பைலா வேறுவிதமாகச் சொல்லாதவரை, மிச்சமுள்ள காலம் மட்டுமே. காலம் ஆளுக்கு அல்ல, இடத்துக்கு. இதை மறந்து புதியவருக்கு முழுக்காலம் கொடுத்தால், சில ஆண்டுகளில் 4 இடம் ஒருபுறமும் 1 இடம் மறுபுறமும் வந்து நிற்கும். அடுத்த பொதுக்கூட்டம் வரைதான் நியமனம் என்று பைலா சொன்னால், மிச்சக் காலத்துக்கும் அங்கேயே தேர்தல் வரும்; அப்போது வாக்குச்சீட்டிலேயே ‘2 ஆண்டு இடம்: 2, 1 ஆண்டு இடம்: 1’ என்று பிரித்து அச்சடிக்க வேண்டும். ஒவ்வோர் இடத்துக்கும் எண் கொடுத்து, காலம் முடியும் ஆண்டைக் கூட்டக் குறிப்பில் எழுதி வைத்தால் பாதிச் சண்டை வராது.

கோரம் (கூட்டம் செல்லத் தேவையான குறைந்தபட்ச வருகை) இல்லாமல் தேர்தல் நின்றால், பழைய உறுப்பினர் பொதுவாக அடுத்தவர் தேர்வாகும் வரை தொடர்வார். அதனால் அவருக்குப் புதிய காலம் தொடங்கிவிடாது. மறு ஆண்டு தேர்தல் நடக்கும்போது அந்த இடத்துக்கு மிச்சமிருப்பது ஓராண்டு.

குவிப்பு வாக்கு உள்ள சங்கங்களில், அதாவது எத்தனை இடமோ அத்தனை வாக்கையும் ஒரே ஆளுக்குப் போடலாம் என்ற சங்கங்களில், இன்னொரு விளைவும் உண்டு. 100 வீடும் வாக்களித்தால், 5 இடம் ஒன்றாக வரும்போது 17 வீடுகள் சேர்ந்து தங்கள் ஆளை உறுதியாக உள்ளே அனுப்பலாம். 2 இடம்தான் என்றால் அதற்கு 34 வீடு வேண்டும். பிரித்து வைப்பது சிறுபான்மைக்குப் பாதகம். திருத்தத்தை வாக்குக்கு விடும்போது இதையும் வீட்டுக்காரர்களிடம் சொல்லிவிடுவதே நியாயம்.

தலைவர், பொருளாளர் பதவிகளை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அவர்களைப் பெரும்பாலும் ஆண்டுக் கூட்டம் முடிந்ததும் குழுவே தேர்ந்தெடுக்கும்; தலைவர் பதவி போனாலும் குழுவில் அவருடைய இடம் அப்படியே இருக்கும்.