மதகுக் கண்ணும் பிஸ்டன் துளையும்

உளுந்து பிடுங்கி முடித்த பிறகு, குறுவைக்குத் தண்ணீர் வரும் வரை எங்கள் பக்கத்து வயல்கள் சும்மாதான் கிடக்கும். அந்த இடைவெளியில்தான் அக்கா மகன் கும்பகோணத்திலிருந்து தன் ரிமோட் டிரக்கோடு வந்து இறங்குவான். நிஜ வண்டியில் பத்தில் ஒரு பங்கு அளவு, பேட்டரியோடு சேர்த்து இரண்டரைக் கிலோ. வாய்க்கால் கரையின் சரிவில் ஓடவிட்டு, அந்தப் பக்கம் வெடித்துக் கிடக்கும் வயலில் குதிக்க வைப்பான். போன மே மாதம் இரண்டாவது குதிப்பிலேயே வண்டி மூக்குக் குப்புற விழுந்து, முன்சக்கரத்தைத் தாங்கும் பிளாஸ்டிக் கை முறிந்துபோனது.

"ஸ்பிரிங் வீக்கு மாமா. நல்லா கெட்டியா ஒரு செட் வாங்கணும்" என்றான்.

பத்துப் பேரைக் கேட்டால் ஒன்பது பேர் இதைத்தான் சொல்வார்கள். கண்ணுக்குத் தெரிவது ஸ்பிரிங் மட்டும்தானே. ஆனால் செல்போனில் எடுத்திருந்த ஸ்லோமோஷன் படத்தைப் பார்த்தபோது வேறு கதை தெரிந்தது. கரையை விட்டுக் கிளம்பும் நொடியில் வண்டியின் பின்புறத்தை யாரோ அடியிலிருந்து உதைத்தது போல மேலே தூக்கிக்கொண்டது. பின்புறம் எழும்பினால் மூக்கு கவிழத்தானே செய்யும்? கெட்டி ஸ்பிரிங் போட்டிருந்தால் உதை இன்னும் பலமாக விழுந்திருக்கும்.

முதலில், தரையில் இறங்குவது என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழும் வண்டி, தரையைத் தொடும்போது நொடிக்கு 4.4 மீட்டர் வேகத்தில் இருக்கும். மணிக்கு 16 கிலோமீட்டர். இரண்டரைக் கிலோ வண்டிக்கு அது ஏறக்குறைய 25 ஜூல் ஆற்றல். இதை எவ்வளவு தூரத்துக்குள் நிறுத்துகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சக்கரங்கள் 4 சென்டிமீட்டர் மேலே ஏறி வழிவிட்டால், வண்டி உணரும் சராசரி வேகக்குறைப்பு புவியீர்ப்பைப் போல 25 மடங்கு. ஷாக் (சக்கரத்தின் அதிர்ச்சியைத் தாங்கும் ஸ்பிரிங்கும் எண்ணெய் உருளையும் சேர்ந்த பாகம்) அசையாமல், டயர் மட்டும் அரை சென்டிமீட்டர் நசுங்கி நிறுத்தினால் 200 மடங்கு. கை ஏன் முறிகிறது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

சரி, அந்த 25 ஜூல் எங்கே போகிறது? ஸ்பிரிங் அதை விழுங்குவதில்லை. கொஞ்ச நேரம் வாங்கி வைத்துக்கொண்டு அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுகிறது. அந்தக் காலத்து மிராசுதார் வீட்டு வில்வண்டியில் வளைந்த இரும்புப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருப்பார்கள். பட்டைகள் ஒன்றோடொன்று உரசுவதால் ஆட்டம் ஓரளவு தானாகவே அடங்கும். டிரக்கில் இருக்கும் சுருள் கம்பிக்கு அந்த உரசல்கூடக் கிடையாது. எண்ணெய் இல்லாத ஷாக்கோடு வண்டியைக் குதிக்கவிட்டால் பந்து போலத் துள்ளிக்கொண்டே இருக்கும்.

ஆற்றலை நிஜமாகவே செலவழிப்பது சுருளுக்கு உள்ளே இருக்கும் சின்ன உருளைதான். அதில் சிலிகான் எண்ணெய்; எண்ணெய்க்குள் ஒரு பிஸ்டன்; பிஸ்டனில் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுமேல் விட்டமுள்ள இரண்டு மூன்று துளைகள். சக்கரம் மேலே ஏறும்போது பிஸ்டன் நகர்கிறது, எண்ணெய் துளை வழியே பிதுங்கி மறுபக்கம் போகிறது. அந்த உரசலில் ஆற்றல் வெப்பமாகிறது.

டெல்டாக்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். பிஸ்டன் துளை ஒரு மதகுக் கண். தண்ணீர் நிதானமாக வந்தால் கண் வழியே சத்தமில்லாமல் போய்விடும். அதே கண்ணில் இரண்டு மடங்கு தண்ணீர் பாய வேண்டுமென்றால், மேல்பக்கம் இரண்டு மடங்கு உயரம் நின்றால் போதாது, நான்கு மடங்கு நிற்க வேண்டும். ஷாக்கிலும் அதேதான். வண்டி வளைவில் மெல்லச் சாயும்போது பிஸ்டன் நிதானமாக நகர்கிறது. அங்கே தடை தருவது எண்ணெயின் பாகுநிலை, அதாவது அதன் கெட்டித்தன்மை; வேகம் இரட்டித்தால் தடையும் இரட்டிக்கும். குதித்து இறங்கும்போதோ பிஸ்டன் நொடிக்கு இரண்டு மீட்டர்போலப் பாய்கிறது. எண்ணெயைச் சட்டென்று அந்தச் சிறு துளைக்குள் முடுக்குவதே பெரும்பாடாகி, தடை நான்கு மடங்கை நோக்கி ஏறுகிறது.

இதிலிருந்து கிடைக்கும் ஒரு விஷயம் எனக்கு இன்னும் வியப்புதான். மெல்லிய எண்ணெயோடு சின்னத் துளை, கெட்டி எண்ணெயோடு பெரிய துளை: இரண்டு ஷாக்கையும் கையால் அமுக்கிப் பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும். குதிக்கவிட்டால் இரண்டும் வேறு வண்டி. சின்னத் துளை கடைசி நேரத்தில் கெட்டிப்பட்டு, வண்டியின் வயிறு தரையில் அடிக்காமல் காப்பாற்றும். ஆனால் வரிசையாகக் கட்டிகள் உள்ள தரையில் சக்கரத்தால் ஏறி இறங்க நேரமில்லாமல் வண்டி தடதடக்கும். துளையை ரொம்பவும் சிறிதாக்கினால் ஷாக் வெறும் கம்பியாகிவிடும். திரும்பவும் அந்த 200 மடங்குக் கணக்குதான். பெரிய குதிப்புக்குச் சற்றுச் சிறிய துளை, கரடுமுரடான தரைக்குப் பெரிய துளை என்பது என் கட்சி.

அப்புறம் நம் வண்டிக்கு வருவோம். பின் ஷாக்குகளைத் திறந்தால் பாதிக்குமேல் காற்று. பிஸ்டனைத் தாங்கும் கம்பி உருளைக்குள் நுழையும் இடத்து ஓ-ரிங் (ரப்பர் வளையம்) தேய்ந்து எண்ணெய் கசிந்திருக்கிறது. கரைச் சரிவில் அமுங்கிய ஸ்பிரிங் திரும்பி விரியும்போது பிடித்து நிறுத்த ஆளில்லை. அதனால்தான் அந்த உதை. ஓ-ரிங்கை மாற்றி, எண்ணெய் ஊற்றி, கம்பியை மெதுவாக மேலும் கீழும் ஆட்டி, குமிழிகள் மேலே வரும்வரை காத்திருந்தோம். அவசரப்பட்டால் எண்ணெய் நுரைத்துவிடும். நுரை துளையில் சும்மா வழுக்கிக்கொண்டு போகும். விளிம்புவரை ஊற்றி இறுக்கி மூடினாலும் சரிப்படாது. கம்பி உள்ளே வரும்போது அதன் கன அளவுக்கு இடம் வேண்டும். அதற்காகத்தான் மூடிக்கு அடியில் மெல்லிய ரப்பர் சவ்வு வைத்திருக்கிறார்கள்.

எண்ணெய்ப் புட்டியில் கெட்டித்தன்மைக்கு 30, 40 என்று எண் இருக்கும். ஒரு கம்பெனியின் 40 இன்னொரு கம்பெனியின் 40 இல்லை என்பது இந்தத் தொழிலின் சாபக்கேடு. பாகுநிலையை அளக்கும் சென்டிஸ்டோக் கணக்கில் போட்டிருந்தால் அதை நம்பலாம். தண்ணீர் ஏறக்குறைய 1, இந்த வண்டிகளுக்குப் போடும் எண்ணெய் பெரும்பாலும் 300 முதல் 600 வரை. அந்த எண்ணும் வழக்கமாக 25 டிகிரி வெப்பத்துக்கானது. நம் ஊர் மே மாத வெயிலில், 40 டிகிரியில், சிலிகான் எண்ணெய் ஏறக்குறைய கால் பங்கு இளகிவிடும். குளிரூர்க்காரர்கள் சொல்லும் அளவை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் ஒரு படி கெட்டியாகப் போடுவது நல்லது.

சோதிக்க எளிய வழி இருக்கிறது. பேட்டரியை மாட்டி, வண்டியை முழங்கால் உயரத்துக்குத் தூக்கிச் சமமாகப் போடுங்கள். வயிறு தரையை லேசாகத் தொட்டு, வண்டி ஒரே தடவையில் எழுந்து நிற்க வேண்டும். டப்பென்று அடித்தால் தடை போதவில்லை. எழுந்து துள்ளினால் விரியும் வேகம் அதிகம். ஷாக்கின் மேல்வளையத்தைத் திருகி ஸ்பிரிங்கைக் கெட்டியாக்கிவிட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். அது வண்டி நிற்கும் உயரத்தைத்தான் மாற்றும். ஸ்பிரிங்கின் விறைப்பு இருந்தபடியே இருக்கும்.

பழைய ஸ்பிரிங்கையே மாட்டி, பின்னால் ஒரு படி கெட்டி எண்ணெயோடு மறுபடி கரையிலிருந்து விட்டோம். வண்டி தட்டையாகப் பறந்து நான்கு சக்கரமும் ஒன்றாக இறங்கியது. சந்தோஷத்தில் அதை அப்படியே குடமுருட்டி ஆற்று மணலுக்கு எடுத்துப் போனான். அங்கே சக்கரம் புதையும் தூரமே பாதி வேகத்தை வாங்கிக்கொண்டது. வயலுக்குச் சரியாக இருந்த ஷாக் மணலில் அசையவே மறுத்தது. "இதுக்கு வேற எண்ணெயா மாமா?" என்றான். முன்னால் மட்டும் குறைத்தால் போதும் என்பது என் எண்ணம், நான்கிலும் குறைக்க வேண்டும் என்பது அவன் வாதம். தீர்த்துக்கொள்வதற்குள் ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது.