பயம் முதலில் பிடிப்பது முழங்காலை

நாற்பது வயதில் ஃபிகர் ஸ்கேட்டிங், அதாவது பிளேடு பொருத்திய காலணியோடு பனித்தளத்தில் சறுக்கியும் சுழன்றும் தாவியும் ஆடும் விளையாட்டு, கற்றுக்கொள்ள வருகிறவர்களிடம் பயிற்சியாளர்கள் ஓயாமல் சொல்வது ஒன்றுதான்: "முழங்காலை மடக்குங்கள்." சொன்னது காதில் விழும், புரியவும் செய்யும், ஆனால் கால் மடங்காது. பனியில் இறங்கியதும் அது கம்பு மாதிரி நிற்கும். சோம்பலோ கவனக்குறைவோ இதற்குக் காரணமில்லை. விழுந்துவிடுவோம் என்ற பயம் வந்தால் உடம்பு அப்படித்தான் நடந்துகொள்ளும்.

வளர்ந்த பிறகு இந்த விளையாட்டுக்கு வருகிறவர்கள் ஒன்றிரண்டு பேர் அல்ல. அமெரிக்காவில் பெரியவர்களுக்கென்றே தனி தேசியப் போட்டி 1995-ல் டெலவேர் மாநிலத்தின் வில்மிங்டனில் தொடங்கியது. ஜெர்மனியின் ஓபர்ஸ்டார்ஃப் என்ற மலையூரில் சர்வதேச ஸ்கேட்டிங் சங்கம் 2005-லிருந்து பெரியவர்களுக்கான போட்டியை நடத்துகிறது. பதக்கம், பரிசு எதையும் எண்ணாமல் வாரம் ஒருநாள் ரிங்க் எனப்படும் பனித்தளத்துக்குப் போகிறவர்கள் இவர்களைவிடப் பல மடங்கு. அத்தனை பேருக்கும் பொதுவான எதிரி இந்தப் பயம்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: இந்தப் பயம் மூடத்தனம் அல்ல. 25 கிலோ எடையுள்ள குழந்தையின் எடைமையம் தரையிலிருந்து ஏறக்குறைய 65 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். 70 கிலோ எடையுள்ள பெரியவருக்கு அது 95 சென்டிமீட்டர். கணக்குப் போட்டால் குழந்தை விழும்போது சுமார் 160 ஜூல், பெரியவர் விழும்போது சுமார் 650 ஜூல் ஆற்றல் வெளிப்படும். நான்கு மடங்கு. விழும்போது கையை ஊன்றுவது அனிச்சையாக நடப்பது. அந்த அடியை வாங்குவது மணிக்கட்டுக்குச் சற்று மேலே உள்ள ஆரை எலும்பு. டப்ளின் அறுவைச் சிகிச்சையாளர் ஆபிரகாம் கோலிஸ் 1814-ல் விவரித்த முறிவு இதுதான். இன்றும் அவர் பெயராலேயே அழைக்கிறார்கள். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்பு அடர்த்தி குறைவதால் ஆபத்து இன்னும் அதிகம். போதாததற்கு, கட்டுப் போட்டால் ஆறு வாரம் ஆபீஸ், சமையல், வண்டி எல்லாம் தடுமாறும் என்பது பெரியவருக்குத் தெரியும். பத்து வயதுப் பிள்ளைக்கு அந்தக் கவலை கிடையாது.

பயம் நியாயமானது, சரி. ஆனால் அது செய்யும் வேலை நியாயமானதல்ல.

ஆபத்து என்று மூளை முடிவுகட்டியதும் பயத்தோடு தொடர்புடைய மூளைப் பகுதியான அமிக்டலா வழியாக எச்சரிக்கை கிளம்புகிறது, அட்ரினலின் சுரக்கிறது, தசைகள் விறைக்கின்றன. மூட்டின் முன்பக்கத் தசையும் பின்பக்கத் தசையும் ஒரே நேரத்தில் இறுகுகின்றன. ஆய்வகங்களில் ஆட்களை 3 மீட்டருக்கு மேல் உயரமான மேடையின் விளிம்பில் நிற்கவைத்துச் சோதித்திருக்கிறார்கள். தரையில் நிற்பதைவிட அங்கே கணுக்கால் விறைத்தது, உடலின் ஆட்டம் சிறிதாகவும் வேகமாகவும் ஆனது, உடல் விளிம்பை விட்டுப் பின்னால் சாய்ந்தது. மேடையில் நிற்பவருக்கு இது நல்லதுதான். பனியில் நிற்பவருக்கு இதுவே வினை.

காரணம் பிளேடில் இருக்கிறது. ஃபிகர் ஸ்கேட்டிங் பிளேடின் தடிமன் 4 மில்லிமீட்டர் அளவுதான். அடிப்பகுதியில் நீளவாக்கில் ஒரு பள்ளம் ஓடும். அதன் இருபுறமும் கூர்மையான இரண்டு விளிம்புகள், உள் எட்ஜ், வெளி எட்ஜ். முன்னிருந்து பின்னாகப் பார்த்தால் பிளேடு லேசாக வளைந்தும் இருக்கும். அதனால் பனியைத் தொடுவது அதன் ஒரு சிறு பகுதி மட்டுமே. பயத்தில் உடல் பின்னால் சாய்ந்தால் எடை குதிகாலுக்குப் போகிறது, பிளேடு காலுக்கடியிலிருந்து முன்னால் வழுக்கி ஓடுகிறது, ஆள் மல்லாந்து விழுகிறார். பின்மண்டை அடிபடக்கூடிய, இருப்பதிலேயே மோசமான விழுகை அது. எதற்குப் பயந்தாரோ அதை நோக்கித்தான் பயம் அவரைத் தள்ளியது.

மெதுவாகப் போனால் விழமாட்டோம் என்ற நம்பிக்கையும் இப்படித்தான் ஏமாற்றும். சைக்கிள் பழகிய யாருக்கும் தெரியும், ஊர்ந்து போகும்போதுதான் ஹேண்டில் ஆடும். எட்ஜில் வளைந்து போக வேண்டுமானால் உடல் வட்டத்தின் உள்பக்கம் சாய வேண்டும். 3 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் போகிறவருக்கு ஏறக்குறைய 17 டிகிரி சாய்வு தேவை. வேகத்தைப் பாதியாக்கினால் 4 டிகிரிக்குச் சற்று மேல் போதும். அவ்வளவு நிமிர்ந்து நிற்கும் பிளேடு பனியைச் சரியாகக் கடிக்காது. இரண்டு எட்ஜுக்கும் நடுவில் தத்தளிக்கும். தயங்கித் தயங்கிப் போகிறவர் தடுமாறுவதும், தடுமாற்றத்தைப் பார்த்து இன்னும் வேகத்தைக் குறைப்பதும் தினம் காணக்கூடிய காட்சி.

தாவலில் பயத்தின் விளையாட்டு இன்னும் துல்லியமாகத் தெரியும். ஆக்சலை எடுத்துக்கொள்வோம். நார்வே வீரர் ஆக்சல் பால்சன் 1882-ல் வியன்னாவில் முதன்முதலில் செய்துகாட்டிய தாவல் அது. முன்னோக்கிக் கிளம்பி, ஒன்றரைச் சுற்றுச் சுற்றி, பின்னோக்கி ஒற்றைக் காலில் இறங்க வேண்டும். பெரியவர்களில் பலர் ஆண்டுக்கணக்கில் முட்டிக்கொண்டு நிற்கும் சுவர் இதுதான். 20 சென்டிமீட்டர் உயரம் எழும்பினால் காற்றில் இருக்கும் நேரம் வெறும் 0.4 நொடி. "வேண்டாம், விட்டுவிடு" என்று மூளை நடுவில் முடிவெடுத்தாலும், ஒரு சைகைக்கு உடல் எதிர்வினை காட்டவே 0.2 நொடி ஆகும். அதற்குள் பாதி நேரம் போய்விட்டது. கைகள் தாமாக விரிகின்றன. விரிந்ததும் சுழற்சி மந்தமாகிறது, கால் பக்கவாட்டில் பனியைத் தொடுகிறது, கணுக்கால் முறுக்கிக்கொள்கிறது. ரிங்க்கில் இதை 'பாப்' ஆவது என்பார்கள். முழு மனதோடு சுற்றி இடுப்பு அடிபட விழுவது பெரும்பாலும் நீலம் பாரித்து ஆறிப்போகும். என்னைக் கேட்டால், பாதியில் கைவிட்ட தாவல்தான் அதைவிடப் பயப்பட வேண்டியது.

இன்னொரு சிக்கல் கவனம். பழகிய அசைவை அங்கம் அங்கமாகக் கண்காணிக்கத் தொடங்கினால் அது குலையும் என்பது இயக்கக் கற்றல் ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரியவந்தது. பயந்தவர் செய்வது அதைத்தான்: பார்வை தரைக்கு இறங்கும், மனம் கணுக்காலில் குந்திக்கொள்ளும். அப்படிப் பார்த்தால் "முழங்காலை மடக்குங்கள்" என்ற அறிவுரையே அரைகுறை மருந்து. "எதிர்ச் சுவரில் இருக்கும் விளம்பரப் பலகையைப் பாருங்கள், பனியைக் காலால் அமுக்குங்கள்" என்று சொன்னால் முழங்கால் தானாகவே மடங்குகிறது.

ஒருமுறை அடிபட்டவருக்குப் பயம் வேறு வகையில் வேரூன்றும். தாவலைத் தவிர்க்கும் ஒவ்வொரு தடவையும் ஒரு நிம்மதி கிடைக்கிறது. அந்த நிம்மதியே தவிர்ப்பதற்குப் பரிசாகி, அடுத்த முறை தவிர்ப்பதை இன்னும் எளிதாக்குகிறது. இத்தகைய அசைவுப் பயத்தை அளக்க டாம்பா அளவுகோல் என்ற 17 கேள்விகள் கொண்ட படிவமே இருக்கிறது. முதுகுவலிக்காரர்களுக்காக உருவான அது, இன்று முழங்கால் தசைநார் அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட விளையாட்டு வீரர்களிடமும் பயன்படுகிறது. முழங்கால் தேறியும் மைதானத்துக்குத் திரும்பாதவர்கள் சொல்லும் முக்கியக் காரணங்களில் ஒன்று, மறுபடி அடிபட்டுவிடுமோ என்ற அச்சம்.

மருந்து என்ன? விழவே கற்றுக்கொள்வதுதான். முதலில் நின்ற இடத்தில், பிறகு ஊர்ந்தபடி: முழங்காலை மடக்கித் தாழ்ந்து, பக்கவாட்டில் தொடையும் பிட்டமும் படும்படி சரிவது, தாடையை நெஞ்சோடு சேர்ப்பது, விரல்கள் பிளேடில் மாட்டாமல் கையை மூடிக்கொள்வது. எதிர்பார்த்த கேடு நடக்கவில்லை என்று ஒவ்வொரு விழுகையிலும் மூளை திருத்திக்கொள்கிறது. உள்ளே பஞ்சு வைத்த கால்சட்டை, மணிக்கட்டுக் காப்பு, தலைக்கவசம் எல்லாம் அடியைக் குறைக்கும். அதனாலேயே பயத்தையும் குறைக்கும். இவற்றைப் போட்டால் பழக்கமாகிவிடும் என்று முகம் சுளிப்பவர்களை நான் பொருட்படுத்தமாட்டேன். பழக்கமானால் என்ன நஷ்டம்? தூண்டில் போன்ற நீளக் கழியில் கட்டிய வாரை மாட்டிவிட்டு, தாவும்போது பயிற்சியாளர் தூக்கிப் பிடிக்கும் ஏற்பாடும் உண்டு. விழாமல் சுற்றி இறங்கும் உணர்வை உடம்புக்கு முதலில் காட்டிவிடும் வழி அது.

இப்படிக் குறைந்த பயம் அழிந்துவிடுவதில்லை. பழைய நினைவின் மேல் "இங்கே ஒன்றும் ஆகாது" என்ற புதிய நினைவு ஏறி உட்கார்கிறது, அவ்வளவுதான். அந்தப் புதிய நினைவு இடத்தோடு ஒட்டியது. சொந்த ரிங்க்கில் சுலபமாக வரும் தாவல் வேறு ஊர் ரிங்க்கில் தொண்டையை அடைப்பதும், இரண்டு மாத இடைவெளிக்குப் பின் பழைய நடுக்கம் திரும்புவதும் இதனால்தான். அப்போது ஆக்சலை நேராக முயலாமல், அரைச் சுற்று மட்டும் உள்ள வால்ட்ஸ் ஜம்ப்பிலிருந்து மறுபடி ஏறி வர வேண்டும். முதல் தடவை ஆண்டுகள் எடுத்த அந்த ஏற்றம் இம்முறை பெரும்பாலும் அவ்வளவு நாள் பிடிப்பதில்லை.