வாரத்துக்கு எத்தனை கிலோ காய் வாங்குகிறீர்கள்?

"தினமும் காய் சேர்த்துக்கிறோம் மேடம்." என்னிடம் உணவு ஆலோசனைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் இப்படித்தான் சொல்வார்கள். செல்லூரிலிருந்து மகனோடு வந்த ஒரு அம்மாவும் அதையே சொன்னார்.

நேற்று என்ன சமையல் என்று கேட்டேன். சாம்பாரில் முருங்கைக்காய் இரண்டு, கத்தரிக்காய் மூன்று. சாப்பிட்டது நான்கு பேர். ராத்திரி தோசைக்கும் அதே சாம்பார். தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கு வறுவல். பையன் கத்தரிக்காயைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவிட்டான். சாம்பாரில் போட்ட காய் வேறு, வயிற்றுக்குள் போன காய் வேறு.

ஒருவர் ஒரு நாளைக்குக் காயும் பழமுமாகக் குறைந்தது 400 கிராம் சாப்பிட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உருளைக்கிழங்கு, மரவள்ளி இதில் சேராது. சின்னப் பிள்ளைகளுக்கு அளவு கொஞ்சம் குறையும். பெரியவர்களே நான்கு பேர் என்றால் வாரத்துக்கு 11 கிலோவுக்கு மேல் வருகிறது. அதனால்தான் இப்போதெல்லாம் நான் "காய் சாப்பிடுறீங்களா" என்று கேட்பதில்லை; வாரத்துக்கு எத்தனை கிலோ வாங்குகிறீர்கள் என்றே கேட்கிறேன். அந்த அம்மா யோசித்துச் சொன்னார்: "தக்காளி, வெங்காயத்தோட சேர்த்து மூணு கிலோ."

விலை ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் 1999இல் தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை தொடங்கியதே நம் மதுரை அண்ணா நகரில்தான். காலையிலேயே போனால் சுரைக்காய், பூசணி, கீரைக்கட்டு எல்லாம் கட்டுப்படியாகும் விலையில் கிடைக்கும். பழம் என்றாலே ஆப்பிள் என்று நினைக்காதீர்கள். கொய்யாவில் ஆரஞ்சை விட மூன்று மடங்குக்குக் குறையாமல் வைட்டமின் சி இருக்கிறது. முருங்கைக்கீரைப் பொரியலோடு மதியம் இரண்டு துண்டு கொய்யா சாப்பிட்டால், கீரையிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் நன்றாகச் சேரும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அது குறைந்துவிடும்.

அப்புறம், அப்பாக்களுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் கூட்டு வேண்டாம் என்று கை காட்டுவதைப் பிள்ளை பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது.

மூன்று வாரம் கழித்து அந்த அம்மா வந்தார். ஆறு கிலோ வாங்குகிறாராம். பையன் மட்டும் பீர்க்கங்காயை இன்னும் ஒதுக்குகிறானாம். ஒரு காய் பிள்ளையின் நாக்குக்குப் பழகப் பத்துத் தடவைக்கு மேல்கூட ஆகலாம். கெஞ்ச வேண்டாம், திட்டவும் வேண்டாம், ஒரு கரண்டி வைத்துக்கொண்டே இருங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.