பள்ளத்தாக்கில் நுழையும் முன் திரும்ப இடம் இருக்கிறதா?

சென்னையில் பறக்கக் கற்றுக்கொள்பவர்களுக்கு மலை என்றால் பரங்கிமலைதான். மற்றபடி கடல், ஏரிகள், சமவெளி. இப்படிப் பழகியவர்கள் உரிமம் வாங்கிய கையோடு நீலகிரி, பழனி மலைப் பக்கம் சிறிய விமானத்தில் தாழ்வாகப் பறக்க ஆசைப்படுவது பயிற்றுநரான எனக்குக் கவலை தருகிறது.

வகுப்பில் முதலில் ஒரு கணக்குப் போடச் சொல்வேன். ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 7,350 அடி உயரம். விமானக் கணக்குகளில் அந்த உயரத்துக்கு வைத்திருக்கும் நிலையான வெப்பநிலை ஏறக்குறைய 0 டிகிரி செல்சியஸ். வெப்பம் கூடினால் காற்று இன்னும் மெலியும்; அதனால் அன்று 20 டிகிரி என்றால், கூடுதலான ஒவ்வொரு டிகிரிக்கும் 120 அடி சேர்க்க வேண்டும். விடை கிட்டத்தட்ட 9,750 அடி. இன்ஜினும் இறக்கையும் அந்த உயரத்தில் இருப்பதாகவே நடந்துகொள்ளும். சாதாரண நான்கு இருக்கை விமானம் ஏறும் வேகம் பாதிக்கும் கீழே போய்விடும். வேகமானி வழக்கமான 80 நாட் (மணிக்குச் சுமார் 150 கி.மீ.) என்றுதான் காட்டும். ஆனால் மெலிந்த காற்றில் உண்மையான வேகம் அதைவிட அதிகம்; அதனால் அதே சாய்வில் திரும்ப, கடற்கரையில் தேவைப்பட்டதைவிட மூன்றில் ஒரு பங்கு அகலம் கூடுதலாக வேண்டும்.

பள்ளத்தாக்கின் தரை மெல்ல மெல்ல உயரும். பைலட் மூக்கைத் தூக்குவார், வேகம் குறையும், இருபக்கச் சரிவும் நெருங்கும். பதறிப்போய் 60 டிகிரி சாய்த்துத் திருப்பினால், நேராகப் பறக்கும்போது 50 நாட்டில் ஸ்டால் ஆகும், அதாவது இறக்கையின் தூக்குவிசை போதாமல் விழத் தொடங்கும் விமானம் 70 நாட்டிலேயே ஸ்டால் ஆகிவிடும். மீட்டெடுக்கக் கீழே உயரம் இருக்காது.

அப்புறம் காற்று. தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டி நம் பக்கம் இறங்குகிறது. முப்பந்தலில் காற்றாலைகளைச் சுழற்றுவதும் இதே காற்றுதான். தேனி, தென்காசிப் பக்கமிருந்து மலையை நோக்கிப் போகிறவரை, ஏற வேண்டிய இடத்திலேயே இது கீழே அழுத்தும். சிறிய இன்ஜினால் அதை எதிர்த்து ஏற முடியாமல் போகலாம்.

அனுபவம் இருந்தால் போதும் என்று நினைக்க வேண்டாம். 2018 ஆகஸ்ட் 4 அன்று சுவிட்சர்லாந்தின் பிஸ் செக்னாஸ் மலையருகே யூ-52 என்ற பழங்கால விமானம் விழுந்து 20 பேரும் இறந்தார்கள். ஓட்டியவர்கள் கைதேர்ந்த விமானிகள். குறுகிய பள்ளத்தாக்கில், மாற்று வழியே இல்லாதபடி தாழ்வாகப் பறந்ததை விசாரணை அறிக்கை சுட்டிக்காட்டியது. 2021 டிசம்பர் 8 அன்று குன்னூரில் ஜெனரல் பிபின் ராவத் சென்ற ஹெலிகாப்டருக்கு நேர்ந்ததும் நமக்குத் தெரியும். வானிலை திடீரென மாறி மேகத்துக்குள் புகுந்ததில் விமானிக்குத் திசையுணர்வு தவறியது என்றது விசாரணைக் குழு.

சரி, போயே ஆக வேண்டுமென்றால்? காற்று குறைவான காலை நேரத்தில் போங்கள். முகட்டைக் குறைந்தது 1,000 அடி மேலே கடந்து செல்லுங்கள். காற்று பலமாக இருந்தால் 2,000. நேராக முட்டுவதுபோல் போகாமல் 45 டிகிரிக் கோணத்தில் நெருங்கினால், ஏற முடியாதபோது சிறிய திருப்பத்திலேயே விலகிவிடலாம். பள்ளத்தாக்கின் நடுவில் பறக்காதீர்கள். ஒரு ஓரமாகப் போனால்தான் திரும்ப முழு அகலமும் கிடைக்கும். மேகம் முகட்டைத் தொட்டால் அன்று பயணம் இல்லை.

உடன் செல்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அருவியைப் படம் எடுக்க இன்னும் கொஞ்சம் இறங்கச் சொல்லிப் பைலட்டைக் கேட்காதீர்கள். அவர் திரும்பிவிடலாம் என்றால், ஏன் என்றுகூடக் கேட்காமல் சரி என்று சொல்லுங்கள்.